காற்றை விழுங்கிய ஓட்டை

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறை தாண்டி மறிச்சுக்கட்டிக்குப் போகிற றோட்டில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், வெள்ளைச் சொப்பிங் பாக் ஒன்று பறந்து வந்து என் காரின் பொனற்றில் ஒட்டிக்கொண்டது.

நான் எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் பொனற்றில் விழுகிற எதுவும் முன்கண்ணாடியில் ஏறி, கூரையைத் தாண்டிப் பின்னால் போய்விடும். பையும் மெல்ல மேலே ஏறித்தான் வந்தது. கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால், பொனற்றில் நாங்கள் வெட்டிய ஓட்டை இருந்தது. எஞ்சினின் சூடு வெளியே போவதற்கென்று வெட்டியது. அதன் விளிம்பில் பை ஒரு கணம் நின்று துடித்தது. பிறகு உள்ளே போய்விட்டது. யாரோ கையை நீட்டி இழுத்தது போல.

நான் காரை ஓரங்கட்டினேன்.

"நானா, பாத்தனீங்களோ?"

பக்கத்துச் சீற்றில் இருந்த மெக்கானிக் நஸீர் நானா ஹீற் மீற்றரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த மனிதருக்கு அந்த நாட்களில் உலகத்தில் வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"என்னத்தை?"

"பை உள்ளுக்குப் போயிட்டுது."

"எந்தப் பை?"

இறங்கிப் பொனற்றைத் தூக்கினோம். பை எஞ்சினில் விழுந்து உருகத் தொடங்கியிருந்தது. பிளாஸ்ரிக் எரிகிற மணம் மூக்கைப் பிடித்தது. நானா திருப்புளியால் அதைச் சுரண்டி எடுக்கும்வரை நான் பொறுத்திருந்தேன்.

"நானா, இந்த ஓட்டை என்னத்துக்கு வெட்டினனாங்கள்?"

"சூடு வெளிய போகத்தான், டீச்சர்."

"அப்ப பை ஏன் உள்ள போனது?"

அவர் திருப்புளியைக் கையில் பிடித்தபடி ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார். பிறகு றோட்டோரத்து வெள்ளைக் கட்டையில் போய் அமர்ந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! சூட்டுக்குக் கதவு திறந்து விட்டம் எண்டெல்லோ நினைச்சனான். காத்து வந்து அந்தக் கதவை அடைச்சுக்கொண்டு நிண்டிருக்கு."

கேத்தல்

வாகனம் ஓட்டப் பழக்குகிற என் லேர்னர்ஸ் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் முன்பு எழுதிய இரண்டு அத்தியாயங்களைப் படித்த ஒருவர், மன்னார் பஸ் நிலையத்தில் என்னை மறித்துக் கேட்டார். "வாகனம் ஓட்டப் பழக்கின அந்தக் கார்தான் பிறகு ரேஸுக்குப் போனதாமே? உண்மையோ?"

உண்மைதான். மன்னார்த் தீவில் பாதிப் பேர் கிளச்சை விடப் பழகியது அந்தச் சின்ன ஜப்பான் காரில்தான். பள்ளிமுனைப் பக்கத்துக் கழுதைகளுக்குக்கூட அதைத் தெரியும். அது வந்தால் வழி விடாமல் நின்று பார்க்கும்.

அதன் எஞ்சின் ஒரு நாள் உயிரை விட்டது. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றும் அக்காமாரை ராத்தா என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். நஸீர் நானா தீவிலேயே இருக்கிற தாராபுரத்தில் கராஜ் வைத்திருப்பவர். போர்க்காலத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, பத்து வயதில் வீட்டாரோடு ஊரைவிட்டுப் போக வேண்டி வந்து, புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே தொழில் பழகி, இரண்டு பிள்ளைகளின் தகப்பனாகத் திரும்பி வந்தவர். அதிகம் பேசமாட்டார். காரைப் பார்த்துவிட்டு ஒரு மூலையைக் காட்டினார். சாக்கால் மூடிய டர்போ எஞ்சின் ஒன்று அங்கே கிடந்தது.

"இதைப் போட்டா ஓடும் டீச்சர். ஆனா ஓடுறது கொஞ்சம் கூடவா இருக்கும்."

அது சின்னப் பொய். முதல் நாள், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற தள்ளாடிப் பாலத்தில் அக்சிலேற்றரில் கால் வைத்தபோது என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. இருபக்கமும் கடல் பின்னால் ஓடியது. உடனே வேகத்தைக் குறைத்துவிட்டேன். "மெதுவா, மெதுவா" என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லுகிறவள் நான். ஆனால் அந்த இரண்டு விநாடியை என் கால் மறக்கவில்லை.

மோட்டார் வாகனக் கந்தோரில் எஞ்சின் மாற்றியதற்கான கடதாசி வேலைகளை முடித்தோம். பழக்குகிற வேலைக்கு வேறு கார் எடுத்தோம். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த நான், பழைய விமான ஓடுபாதை ஒன்றைச் சுற்றி நடத்துகிற கார்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். என் கணவர் அன்ரன் மீன் லொறி வைத்திருப்பவர். அவர் சொன்னது ஒரே வசனம்: "போ. ஆனா நான் லொறியோட பின்னால வருவன்."

லொறி தேவைப்பட்டது. முதல் பந்தயத்தில் நாலாம் சுற்றிலேயே கார் கொதித்து நின்றது. பொனற்றிலிருந்து ஆவி எழும்பியதைப் பார்த்த எங்கள் ஊர்ப் பையன்கள் யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அன்றையிலிருந்து காருக்குப் பெயர் கேத்தல், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற அதே கேத்தல். சந்தையில் மீன் வாங்கப் போனால், "டீச்சர், தேத்தண்ணி ரெடியோ?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சிரிக்கமாட்டேன்.

உவர்த் தண்ணீரும் மற்ற வைத்தியங்களும்

சின்னக் காருக்குள் பெரிய எஞ்சினைத் திணித்தால் சூடு எங்கே போகும்? எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது.

முதலில் தண்ணீரைக் குறை சொன்னோம். அதில் நியாயமும் இருந்தது. எங்கள் தீவின் கிணற்றுத் தண்ணீர் உவர். பழைய றேடியேற்றரை வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தது. அதைக் கழற்றி எறிந்து, இரண்டு மடங்கு தடிப்பான அலுமினிய றேடியேற்றர் போட்டோம். கடையில் விற்கிற நல்ல கூலன்ட் ஊற்றினோம். கொதித்தது.

ஃபேன் ஒன்றை இரண்டாக்கினோம். கொதித்தது.

பொனற்றுக்குள் சூடு அடைபடுகிறது என்று யாரோ சொன்னார். சூடு மேலேதானே எழும்பும், பொனற்றின் உயரமான இடம் பின்பக்கம்தானே என்று நாங்களும் யோசித்து, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கை அகலத்தில் ஓர் ஓட்டை வெட்டினோம். வெட்டிய அன்றைக்கு நஸீர் நானா அதைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ற் அடித்து, தூரத்தில் நின்று தலையைச் சாய்த்து ரசித்தார். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால், ஓட்டையால் சூட்டுக் காற்று நன்றாக மேலே வந்தது. கையை வைத்துப் பார்த்து மகிழ்ந்தோம்.

ஓடினால் மட்டும் முன்னையைவிட மோசமாகக் கொதித்தது.

ஈரத் தார்

இரண்டாவது பந்தயத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் விட்டால் மற்றது விளங்காது.

ஏழாம் சுற்றில் ஹீற் மீற்றரின் ஊசி சிவப்பைத் தொட்டது. இன்னும் மூன்று சுற்றுத்தானே என்று நான் காலை எடுக்கவில்லை. அந்தப் பிழை காருடையது அல்ல, என்னுடையது. குழாய் ஒன்று வெடித்து, கூலன்ட் முழுவதும் கடைசி வளைவில் கொட்டியது. துடைத்தார்கள், மண் போட்டார்கள். அடுத்தது மோட்டார் சைக்கிள் போட்டி. மண்ணுக்குக் கீழே ஒரு கீற்று ஈரம் மிஞ்சியிருந்தது. வவுனியாவிலிருந்து வந்த துஷ்யந்தன் என்ற இளைஞர் அதில் சறுக்கி விழுந்தார். தோளெலும்பு உடைந்தது.

மறுநாள் ஆசுப்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் நின்றேன்.

"இருங்கோ அக்கா," என்றார் அவர். கட்டுப் போட்ட பக்கம் அசைய முடியாமல் மறுகையால் கதிரையைக் காட்டினார்.

"தம்பி, பிழை என்னுடையது. நான் நிப்பாட்டியிருக்க வேணும்."

"ஓம். நிப்பாட்டியிருக்க வேணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. சற்று நேரம் கழித்து, "உங்கட தண்ணியை இனி உங்கட காருக்குள்ள வைச்சிருங்கோ அக்கா" என்றார். அவருடைய அம்மா ஒரு பழத்தை உரித்து எனக்குத் தந்தார்.

அந்தக் கிழமையே போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இந்தக் காரிலிருந்து இனி ஒரு துளி பாதையில் விழுந்தால், இந்தக் காரும் அதன் ஓட்டுநரும் திரும்ப வரவேண்டாம். நியாயமான கடிதம். நானாக இருந்தால் அதைவிடக் கடுமையாக எழுதியிருப்பேன்.

கடிதத்தை நஸீர் நானாவிடம் கொடுத்தேன். "விட்டிடுவமோ நானா?"

அவர் இரண்டு தரம் வாசித்தார். "ஓட்டினது நீங்கள். கொதிச்சது நான் கட்டின எஞ்சின். விடுறதெண்டா ரெண்டு பேரும் சேர்ந்துதான் விடவேணும். எனக்கு இன்னும் மனம் வரேல்ல."

அதற்குப் பிறகுதான் மறிச்சுக்கட்டி றோட்டில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினோம். நேரான, வெறிச்சென்ற றோட்டு. ஒரு பக்கம் வில்பத்துக் காடு. யானை குறுக்கே வராவிட்டால் வேறு தொந்தரவு கிடையாது. நான் எழுபதைத் தாண்டமாட்டேன். பந்தயப் பாதை வேறு, மக்கள் போகிற றோட்டு வேறு. அப்படிப் போன ஒரு காலையில்தான் அந்தப் பை வந்து விழுந்தது.

தொப்பி நூல்

வெள்ளைக் கட்டையில் அமர்ந்திருந்த நானா ஓட்டையை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, கை நிறையக் காய்ந்த புல்லைப் பிடுங்கினார்.

"ஓட்டுங்கோ டீச்சர்."

அவர் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொனற் பக்கம் எறிந்தார். முக்கால்வாசி என் முகத்தில் விழுந்தது. இருமினேன். இப்படிச் சரிவராது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. காற்றைப் பார்க்க வேண்டும் என்றால், காற்றோடு ஓடிப்போகாத ஒன்றைக் கட்டிவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நானாவின் மனைவி பரீதா ராத்தா தொழுகைத் தொப்பி பின்னுகிறவர். அவருடைய கூடையிலிருந்து நூல் எடுத்தோம். விரல் நீளத்துக்கு வெட்டி, ஒட்டுநாடாவால் பொனற் முழுக்க வரிசை வரிசையாக ஒட்டினோம். பச்சை, நீலம், மஞ்சள்.

ராத்தா வாசலில் நின்று பார்த்தார். "இது காரா, கலியாணப் பந்தலா?" என்று கேட்டுவிட்டு, "சிவப்பில கை வைக்காதீங்க, அது ஓடருக்கு எடுத்து வைச்சது" என்றார்.

மறுபடி மறிச்சுக்கட்டி றோட்டு. அறுபது. எழுபது. நூல்கள் எல்லாம் தலை சீவியது போலப் பின்பக்கம் படிந்தன. நடுப்பகுதியில் ஒழுங்காகக் கிடந்தன. ஆனால் கண்ணாடிக்கு முன்னால், எங்கள் ஓட்டையைச் சுற்றி ஒட்டிய நூல்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் தலைகீழாக ஓட்டைக்குள் நுழைந்து கிடந்தன.

"கண்ணாடியில அடிபடுற காத்துக்குப் போக வழியில்லை," நானா மெதுவாகச் சொன்னார். "நாங்கள் வழி வெட்டிக் குடுத்திருக்கிறம்."

உள்ளே போன காற்று எஞ்சினைச் சுற்றி நிரம்பி நிற்கும்போது, முன்னால் றேடியேற்றர் வழியாக வருகிற காற்று எங்கே நுழையும்? நிறைந்த பஸ்ஸுக்குள் இன்னும் ஆள் ஏறப் பார்ப்பது மாதிரித்தான். நின்ற இடத்தில் சரியாக வேலை செய்த ஓட்டை, ஓடும்போது எங்களுக்கு எதிராக வேலை செய்திருக்கிறது.

"நானா, அங்க பாருங்கோ." நான் பொனற்றின் முன்பக்கத்தைக் காட்டினேன். மூக்கு வளைந்து மேலே திரும்புகிற இடத்தில், றேடியேற்றருக்குச் சற்றுப் பின்னால், ஒரு வரிசை நூல் மட்டும் படியவில்லை. எழும்பி எழும்பி ஆடியது. மேலே யாரோ உறிஞ்சுவது போல.

நானா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த மனிதர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். உடனே கூச்சப்பட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அதோடு நிற்கவில்லை. வந்த வேகத்தில், காரின் முன்பக்கக் கிறிலுக்கும் றேடியேற்றருக்கும் நடுவே நூல் ஒட்டி, தன் கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, அதையும் உள்ளேயே கட்டிவிட்டார். ஒரு ஓட்டம் ஓடி வந்து பார்த்தோம். றேடியேற்றரின் முகத்தில் ஒட்டிய நூல் சோம்பேறித்தனமாகத் தொங்கியது. அதன் இரு பக்கத்திலும், மேலேயும் இருந்த இடைவெளிகளில் ஒட்டிய நூல்கள் பைத்தியம் பிடித்தது போலப் பறந்தன.

நாங்கள் வாங்கிய தடித்த றேடியேற்றருக்குள் காற்றே போகவில்லை. பக்கத்து இடுக்கால் சுகமாகப் போய்விட்டது. காற்றும் எங்களைப் போலத்தான், சுலபமான வழி இருந்தால் கஷ்டமான வழியில் போகாது.

அன்ரனின் பகிடி

"இன்னொரு ஓட்டையோ?" அன்ரன் பொனற்றைச் சுற்றி வந்தார். "இனி இதை மீன் கழுவி வடிய வைக்கத்தான் பாவிக்கலாம்."

பின் ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தோம். முன்னால், நூல் எழும்பி ஆடிய இடத்தில், மேலே ஓடுகிற காற்றே சூட்டை உறிஞ்சி எடுக்கட்டும் என்று, பென்சிலால் கோடு போட்டு அகலமாக ஒரு ஓட்டை வெட்டினோம். வெட்டும்போது நானாவின் கை ஒரு தரம் நின்றது. முதல் ஓட்டையை வெட்டியபோது அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இப்போது சரியென்று தெரிந்தும் பயம் இருந்தது.

றேடியேற்றரைச் சுற்றியிருந்த இடுக்குகளை அலுமினியத் தகட்டாலும் ரப்பராலும் அடைத்தோம். கிறிலால் நுழைகிற காற்று றேடியேற்றர் வழியாகப் போவதைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது. இந்த வேலையில் எங்களுக்குக் கைகொடுத்தது அன்ரன். மீன் லொறியின் குளிர்ப்பெட்டியில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் ஐஸ் கரைந்துவிடும். இருபது வருடமாக வெடிப்புத் தேடிய மனிதர். கையை ஈரமாக்கி இடுக்கு இடுக்காகத் தடவி, "இதில போகுது, இதில போகுது" என்று காட்டிக்கொண்டே வந்தார். பகிடி விட்டுக்கொண்டே வேலையும் செய்வார். அதனால்தான் நான் அவரைக் கட்டினேன்.

மேடு தேடிப் போன கதை

எல்லாம் பூட்டி, புதுக் கூலன்ட் ஊற்றிய பிறகு இன்னொரு தலையிடி. குழாய்களுக்குள் காற்றுக் குமிழி அடைபட்டு நின்றால் அந்த இடத்தில் தண்ணீர் ஓடாது, எஞ்சின் அங்கேயே வெந்துவிடும். காரின் மூக்கு உயர்ந்து நின்றால்தான் குமிழி மூடி வழியாக வெளியே வரும்.

மன்னார்த் தீவில் மேட்டுக்கு எங்கே போவது? இங்கே பந்தைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். பாலத்து ஏற்றத்தில் நிறுத்தினால் பொலிஸ் வரும். கடைசியில் தாழ்வுபாட்டில் வள்ளம் இழுத்து ஏற்றுகிற கொங்கிறீற்றுச் சரிவு ஞாபகம் வந்தது.

பின்பக்கம் கடலுக்கும் மூக்கு கரைக்குமாக, அலை தொடுகிற எல்லைவரை காரை இறக்கி, சில்லுகளுக்குப் பின்னால் கல் வைத்தோம். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சர், இதை என்ன, இறாலுக்கு விடப்போறியளோ?"

"கேத்தலைக் கடல் தண்ணியில நிரப்பப்போறா போல."

"பேசாம நில்லுங்கோடா," என்றார் சொந்தமாக வள்ளங்கள் வைத்திருக்கிற வயதான சம்மாட்டி ஒருவர். "மெஷின் சத்தத்தைக் கேக்க விடுங்கோ."

எல்லோரும் வாயை மூடினார்கள். அவர்கள் பாதிப் பேர் கடலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் கரை சேர்கிறவர்கள். நஸீர் நானா மூடியைத் திறந்து, குழாயை மெல்ல மெல்லப் பிசைந்தார். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு 'குளுக்'. பெரிய குமிழி ஒன்று வந்து உடைந்தது. இன்னொன்று. மூன்றாவது குமிழியோடு தண்ணீர் மட்டம் சட்டென்று ஒரு சாண் கீழே இறங்கியது.

"ஏப்பம் விட்டிட்டுது," என்றார் சம்மாட்டி. கரையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பத்துச் சுற்று

பந்தய நாளன்று காற்றே இல்லை. தார் இளகி மணத்தது. நிழலில் நின்றாலும் ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஓடியது. இப்படி ஒரு நாள் வேண்டாம் என்றுதான் மடுமாதாவிடம் கேட்டிருந்தேன்.

வாகனங்களைச் சோதிக்கிற அதிகாரி உயரமான சிங்கள மனிதர். முந்திய தடவை மண் போட்டுத் துடைத்தவர்களில் அவரும் ஒருவர். என் காருக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். பிறகு முழந்தாளிட்டுத் துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மிஸ், அத வத்துர நே, நேத?" இன்றைக்குத் தண்ணீர் இல்லைத்தானே?

"நே, மாத்தயா."

அவர் சிரிக்கவில்லை. என் போட்டி இலக்கத் தாளில் கையெழுத்து வைத்தார்.

துஷ்யந்தனும் வந்திருந்தார். தோள் ஆறிவிட்டது. என் போட்டி முடிந்ததும் அதே பாதையில் அவருடைய போட்டி. எனக்குத் தூரத்தில் நின்று தலையை மட்டும் அசைத்தார்.

நான் மூன்றாவதாகக் கிளம்பினேன். மூன்றாம் சுற்றில் ஒருவரைத் தாண்டி இரண்டாவதானேன். முன்னால் கண்டிக்காரர் ஒருவரின் சிவப்புக் கார். அவர் மூன்று வருடமாக அந்தப் பிரிவில் தோற்காதவர். அவருடைய பம்பரைத் தொடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டேன். ஊசி நடுவில் அசையாமல் இருந்தது. வாய்விட்டுப் பாடலாம் போல இருந்தது.

ஐந்தாம் சுற்றில் ஊசி அசைந்தது.

கொஞ்சம்தான். நெல்மணி அகலம். அடுத்த வளைவில் இன்னொரு நெல்மணி. கடைசி வளைவில் துஷ்யந்தன் விழுந்த இடம் வந்தது, போனது. சிவப்புக்குப் போகுமுன் நிறுத்திவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்து வைத்திருந்தேன். காலை எடுக்கிற நேரம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது முன்னால் போன காரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அதற்குமேல் காற்று கானல் மாதிரி நெளிந்தது. நூல்கள் ஞாபகம் வந்தன. என் கார் குடிக்க வேண்டிய காற்றை அவர் குடித்துவிட்டு, தன் சூட்டை எனக்குத் துப்பிக்கொண்டிருக்கிறார். என் காரில் பிழை இல்லை. நான் நிற்கிற இடத்தில்தான் பிழை.

நேர்ப்பாதை வந்ததும் அரைக் கார் அகலம் இடப்பக்கம் விலகினேன். புதுக் காற்று கிறிலில் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். ஊசி திரும்பி நடுவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் இடப்பக்கம் விலகி மூச்சு விட்டேன். வளைவில் மறுபடி அவருக்குப் பின்னால். ஆறாம் சுற்று, ஏழு, எட்டு. எனக்குக் காற்றுத்தான் வேண்டியிருந்தது. ஆனால் முன்னால் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? கண்ணாடியில் பார்க்கிற நேரமெல்லாம் நான் அவருடைய இடப்பக்கத்தில் நிற்கிறேன். இவள் இந்தப் பக்கத்தால்தான் தாண்டப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

ஒன்பதாம் சுற்றில், நேர்ப்பாதை முடிகிற வளைவில், அவர் இடப்பக்கத்தை முழுவதுமாக அடைத்தார். வலப்பக்கம் ஒரு பஸ் போகலாம் போலத் திறந்து கிடந்தது.

போனேன்.

கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. காற்று முழுவதும் என்னுடையது. ஊசி ஆணி அடித்தது போல நின்றது. கட்டங்கொடி விழுந்தபோது நான் கத்திய கத்தல் ஹெல்மெட்டுக்குள் அடைபட்டு என் காதையே அடைத்தது.

உலர்ந்த தார்

காரை விட்டு இறங்கியபோது அன்ரன் என்னைத் தூக்கிவிட்டார். எங்கள் இரண்டு பேரின் எடைக்கும் வயதுக்கும் அது சின்ன விஷயமல்ல. நஸீர் நானா என் பக்கம் வரவே இல்லை. காருக்குக் கீழே படுத்துக்கொண்டு, ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டிருந்தார்.

துஷ்யந்தன் தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதைக்குப் போனார். கடைசி வளைவில் நிறுத்தி, கையுறையைக் கழற்றி, குனிந்து தாரைத் தொட்டார். பிறகு அந்த உள்ளங்கையை எங்கள் பக்கம் உயர்த்திக் காட்டினார். எனக்குக் கிண்ணம் தந்ததைவிட அது பெரிசாக இருந்தது. அழுதேன். அன்ரன், "தண்ணி கொட்டாத, கடிதம் வரும்" என்றார்.

மாலையில் வென்றவர்கள் ஒரு சுற்று மெதுவாக ஓடி எல்லோருக்கும் முகம் காட்ட வேண்டும். நான் சாவியை நஸீர் நானாவிடம் நீட்டினேன்.

"எனக்கெதுக்கு டீச்சர்? நான் ரேஸ்காரன் இல்லை."

"இது ரேஸ் இல்லை நானா. ஏறுங்கோ."

அவர் கையைத் துணியில் துடைத்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பள்ளிவாசலுக்குள் நுழைகிற மாதிரி ஏறி அமர்ந்தார். நான் பக்கத்துச் சீற்றில். கார் உருண்டது. சனம் கைதட்டியது. மன்னாரிலிருந்து வந்த நாலைந்து பேர் கம்பி வேலியில் ஏறி நின்று, "நானா! நானா!" என்று கத்தினார்கள்.

அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. கண் ஹீற் மீற்றரின் ஊசியிலேயே இருந்தது.

"நானா, றோட்டைப் பாருங்கோ!"

"அசையேல்ல டீச்சர்."

"சனம் கை காட்டுது, நீங்களும் காட்டுங்கோ!"

"பாருங்கோவன், அசையவே இல்லை." அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு. அத்தனை வருடப் பழக்கத்தில் அவருக்கு அத்தனை பற்கள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்."

ஒரு சுற்று முடிந்தது. வெளியே போகிற வழியில் கொடிக்காரர் நின்று திரும்பச் சொன்னார். நானா அவரைக் கடந்து நேராகப் போனார்.

"நானா, ஒரு சுத்துத்தான்!"

"சூடு ஏற இன்னும் கொஞ்சம் ஓடிப் பாக்க வேணும்."

இரண்டாம் சுற்றில் கொடிக்காரர் இரு கையாலும் கொடியை ஆட்டினார். ஏதோ கத்தினார். நானா மரியாதையாக அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி நேராகப் போனார்.

மூன்றாம் சுற்றில் நாங்கள் வருவதைக் கண்ட கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்று, மற்ற எல்லோரையும் போல எங்களுக்குக் கைதட்டினார்.